பல் வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்வி

வாய் திறந்திருந்தும் பேசமுடியாத இடம் உலகில் ஒன்று உண்டு. அதுவே பல் வைத்தியரின் நாற்காலி. மேடையேறினால் மணிக்கணக்காகச் சொற்பொழிவாற்றும் வல்லவரும், நீதிமன்றிலே சாட்சியைக் குறுக்குக் கேள்விகளால் மடக்கும் சட்டத்தரணியும் அங்கே சாய்ந்த பின் "ஆ" என்னும் ஓரெழுத்தோடு அடங்கிவிடுகின்றனர். ஆகவே, கேட்கவேண்டியது ஏதேனும் இருப்பின் அதனை அந்த நாற்காலியில் ஏறுமுன்னரே கேட்டுவிடல் வேண்டும்.

"நோகுமா?" என்று சிறுவர் கேட்பர். "எவ்வளவு செலவாகும்?" என்று பெற்றோர் கேட்பர். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. அதைக் கேட்போர் மிகச் சிலர். "எனக்கு முன் வந்தவரின் வாயிலே புகுந்த கருவி, என் வாயிற் புகுமுன் எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது? அது தூய்மையாயிற்று என்பதற்குச் சான்று யாது?" என்பதே அக் கேள்வி. அதன் பின்னால் நின்று பேசும் விஞ்ஞானத்தை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

பல் வைத்தியசாலைக்குச் செல்லும் நாம் எதைக் கண்டு திருப்தியடைகிறோம்? வெள்ளைச் சுவர், பளபளக்கும் தட்டு, மருந்து மணம் ஆகியவற்றையே. இவையெல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் உரியவை. நோயைத் தரும் கிருமியோ கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாதது. பல்லைப் பிடுங்கும் குறடும், ஈறின் அடியிற் படிந்த காறையைச் சுரண்டும் கருவியும் குருதியிலே தோய்கின்றன. செங்கண்மாரியை உண்டாக்கும் ஈரலழற்சி 'பி' வைரசு, உலர்ந்த குருதியில் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் நோய் தரும் வலிமையோடு இருக்கவல்லது. கறை தெரியாத அளவு சிறிய துளியே அதற்குப் போதும். திங்கட்கிழமை வந்தவரின் குருதி, ஞாயிற்றுக்கிழமை வருபவருக்கு நஞ்சாகலாம் என்பது இதன் பொருள்.

கொதிநீர் போதாதா?

"கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுத்தாற் போதாதா?" என்று சிலர் வினவுவர். முதியவர் பலர் தம் இளமைக் காலத்திலே, மூடியுள்ள தட்டமொன்றில் ஊசியும் குறடும் கொதித்துக்கொண்டிருந்ததைக் கண்டிருப்பர். அக்காலத்திற்கு அது நல்ல வழக்கமே. ஆனால் அது முழுமையான வழக்கம் அன்று.

கொதிநீரின் குறையை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. 1876ஆம் ஆண்டிலே ஜேர்மனிய அறிஞர் பேர்டினண்ட் கோன், சில பற்றீரியாக்கள் இடர் வந்தபோது தடித்த உறையினுள் அடங்கிய வித்திகளாக மாறிவிடுகின்றன என்பதைக் கண்டறிந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் இலண்டனிலே ஜோன் ரின்டால் என்னும் பௌதிக அறிஞர், வைக்கோலை ஊறவைத்த நீரைக் கொதிக்கவைத்துச் சோதனைகள் செய்து வந்தார். முன்னர்ச் சில நிமிடக் கொதிப்பிலேயே கெடாது நின்ற நீர், பழைய வைக்கோற் கட்டொன்று ஆய்வுகூடத்துக்குள் வந்த பின்னர், மணிக்கணக்காகக் கொதிக்கவைத்தும் கலங்கிக் கெட்டுப்போயிற்று. வைக்கோலோடு வந்த வித்திகளே அதற்குக் காரணம் என்பதை அவர் 1877இல் விளக்கினார். கொதிநீர் வித்திகளைத் துன்புறுத்துமேயன்றி, முற்றாகக் கொன்றுவிடும் என்று நம்பவியலாது.

இன்னுமொன்று. கொதிநீர் எவ்விடத்தும் ஒரே சூடுடையதன்று. கடற்கரையிலுள்ள கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நீர் 100 பாகை சென்ரிகிறேட்டிற் கொதிக்கும். 6,000 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவிலோ வளியமுக்கம் குறைவாதலின், ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகத் தாமதமாவதை இல்லத்தரசியர் அறிவர். பருப்பை வேகவைக்கவே தயங்கும் சூடு, உறைக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை வெல்லுமென்று எவ்வாறு நம்புவது?

அடுக்களையிற் பிறந்த உபாயம்

இந்த இடர்ப்பாட்டுக்கு விடை அடுக்களையிலேயே கிடைத்தது. 1679ஆம் ஆண்டில் தெனிஸ் பபின் என்னும் பிரான்சியர், இறுக மூடிய கலமொன்றில் நீராவியை அடைத்து, வன்மையான எலும்பையும் மென்மையாக்கிக் காட்டினார். கலம் வெடியாதிருக்க ஒரு காப்பு வாயிலையும் அதில் அமைத்தார். இன்று நம் அடுப்பிலே சீழ்க்கையடிக்கும் 'பிறஷர் குக்கர்' அதன் வழித்தோன்றலே. இரு நூற்றாண்டுகளின் பின், லூயி பாஸ்டரின் ஆய்வுகூடத்திலே பணியாற்றிய சாள்ஸ் சம்பர்லண்ட் 1879இல் இதே தத்துவத்தைக் கிருமி நீக்கத்துக்குப் பயன்படுத்தினார். அதுவே 'ஓட்டோகிளேவ்' என வழங்கும் அமுக்க நீராவிக் கலம். இன்று நல்ல பல் வைத்தியசாலை ஒவ்வொன்றின் பின்னறையிலும் இருக்கவேண்டிய முதற்கருவி இதுவேயாகும்.

இது தொழிற்படும் விதத்தை மாணவர்கள் ஊன்றி அறிதல் நன்று. வெளி அமுக்கத்திலும் பார்க்கச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் மிகுதியாக அமுக்கினால், நீராவியின் வெப்பம் 121 பாகைக்கு உயரும். அச்சூட்டில் 15 நிமிடம் நின்றால் வித்திகளும் மடியும். அமுக்கத்தை மேலும் கூட்டி 134 பாகைக்குக் கொண்டுசென்றால் 3 நிமிடமே போதும். நீராவி இல்லாத வெறும் உலர்வெப்பத்தாலும் கிருமியைக் கொல்லலாம். ஆனால் அதற்கு 160 பாகையும் 2 மணித்தியாலமும் வேண்டும்.

ஏன் இந்த வேற்றுமை? ஒரு கிராம் நீராவி குளிர்ந்த உலோகத்திற் பட்டு நீராக மாறும்போது ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தை அவ்விடத்திலேயே கொட்டிவிடுகிறது. கொதிநீர் பட்ட கையிலும் பார்க்க நீராவி பட்ட கை கொடிதாக வெந்துபோவதும் இதனாலேயே. அன்றியும், ஈரமான வெப்பம் கிருமியின் புரதத்தை விரைவில் உறையச் செய்துவிடும். முட்டை வேகும்போது வெண்கரு உறைவதை ஒப்பது இது.

இங்கே ஒரு பகைவன் உண்டு. அது கலத்தினுள் மீந்து நிற்கும் வளி. வளி அடைபட்ட இடத்தை நீராவி அணுகாது. பொதியினுள்ளும் துளையுள்ள கருவியினுள்ளும் வளி தங்கிவிட்டால், கலத்தின் அமுக்கமானி உரிய அளவைக் காட்டினாலும் அவ்விடம் போதிய சூடு பெறாது. இதனாலேயே சிறந்த கலங்கள் முதலில் வளியை உறிஞ்சி வெளியேற்றி, அதன் பின்னரே நீராவியை உட்செலுத்துகின்றன. மலைநாட்டிலோ வெளி அமுக்கமே குறைவு. ஆதலால் அங்கே அமுக்கமானியை மட்டும் நம்பாது வெப்பமானியையும் பார்த்தல் வேண்டும்.

கலத்துக்கு முன்னும் பின்னும்

கலம் ஒன்றை விலைகொடுத்து வாங்கி மூலையில் வைத்துவிட்டாற் கடமை தீர்ந்ததா? இல்லை. முதலாவதாக, கருவியைக் கழுவித் துப்புரவாக்கல் வேண்டும். உலர்ந்த குருதியும் உமிழ்நீரும் கிருமிகளுக்குக் கேடயமாக நிற்கும். அழுக்கோடு உள்ளே சென்ற கருவி, வெந்த அழுக்கோடு வெளியே வரும், அவ்வளவே. துருப்பிடித்த கருவியும் ஆகாது. துருவின் நுண்ணிய பிளவுகளை முற்றாகத் துப்புரவு செய்தல் இயலாது.

இரண்டாவதாக, கழுவிய கருவியைப் பொதியுறையில் இட்டு மூடி, நீராவி ஊடுசெல்ல இடம்விட்டு அடுக்கல் வேண்டும். சந்தைக்குப் போகும் சாக்கைப்போல் நெருக்கி அடைத்தால் நடுவிலுள்ளது வேகாது. மூன்றாவதாக, வெளியே எடுக்குமுன் பொதி உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரக் கடதாசி, வெளியிலுள்ள கிருமிக்குக் கதவு திறந்துவிடும்.

கலத்துக்கு ஊற்றும் நீரும் கவனத்துக்குரியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கல்லிலே தோன்றியவை. அந்நீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் அடியிலே வெள்ளைப் படிவைக் காணாதார் யார்? அப்படிவு கலத்தின் குழாயை அடைக்கும். கருவியிலும் கறையாகப் படியும். எனவே வடித்த நீரையே பயன்படுத்தல் வேண்டும்.

மின்சாரம் இடையிலே நின்றுவிட்டால் என் செய்வது? 2022ஆம் ஆண்டில் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த நமக்கு இது வெறுங் கற்பனையான கேள்வியன்று. இடையில் நின்ற சுற்று, சுற்றாகக் கருதப்படமாட்டாது. மின்சாரம் மீண்டதும் எஞ்சிய நிமிடங்களை மட்டும் ஓட்டி முடித்தல் தவறு. முதலிலிருந்தே தொடங்கல் வேண்டும். பார்ப்பவர் எவருமில்லாத பின்னறையில், வெளியே பத்துப் பேர் காத்திருக்கும் வேளையில், மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் மனந்தான் தரத்தின் உரைகல்.

மூன்று சாட்சிகள்

கருவி தூய்மையாயிற்று என்பதற்குச் சாட்சிகள் மூன்று. முதலாவது சாட்சி, கலத்தின் வெப்பமானியும் அமுக்கமானியும் நேரக் குறிப்பும். இரண்டாவது, பொதியின்மேல் ஒட்டப்படும் நிறமாறும் பட்டி. வெப்பம் பட்டதும் அது கருமையாகும். அது, "இப்பொதி கலத்தினுட் சென்று வந்தது" என்று மட்டும் சொல்லுமேயன்றி, "கிருமியெல்லாம் மடிந்தது" என்று சொல்லாது. 1963ஆம் ஆண்டிலே வெளிவந்த 'போவி, டிக்' சோதனையோ இதே பட்டியைக் கூர்மையாகப் பயன்படுத்தியது. துவாய்ப் பொதியின் நடுவிலே பட்டியைச் சிலுவை வடிவில் ஒட்டி உள்ளே வைத்தால், நடுப்பகுதியும் ஓரத்தைப்போலவே நிறம் மாறிற்றா என்பதைக் கொண்டு வளி முற்றாக வெளியேறியதா எனக் காணலாம். வளியை உறிஞ்சும் கலங்களுக்கு இச்சோதனை இன்றும் செய்யப்படுகிறது.

மூன்றாவது சாட்சியே எல்லாவற்றிலும் சிறந்தது. அது ஓர் உயிர்ச் சாட்சி. 'ஜியோபசிலஸ் ஸ்ரியறோதேர்மோபிலஸ்' என்னும் நீண்ட பெயருடைய பற்றீரியா ஒன்றுண்டு. மனிதருக்கு அது தீங்கு செய்வதில்லை. ஆனால் அதன் வித்திகள் வெப்பத்தைத் தாங்குவதிற் பெயர்பெற்றவை. அவ்வித்திகள் அடங்கிய சிறு குப்பியைக் கருவிகளோடு கலத்தினுள் வைத்தெடுப்பர். பின்னர் வளரத்தக்க இளஞ்சூட்டில் அதனை வைத்துப் பார்ப்பர். கலத்தினுட் செல்லாத இன்னொரு குப்பியையும் அதன் அருகே வைப்பர். கலத்துக்குட் சென்றதில் வளர்ச்சி இன்றியும், செல்லாததில் வளர்ச்சி தோன்றியும் இருந்தால் கலம் தன் கடமையைச் செய்தது என்பது நிச்சயம். எல்லாரிலும் வலியவனையே வீழ்த்திய கலம், மற்றையோரை வீழ்த்தியிருக்கும் என்பதே இதன் நியாயம். இச்சோதனையை வாரந்தோறும் செய்தல் வேண்டுமென அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் விதந்துரைக்கின்றது.

துல்சா நகர் தந்த பாடம்

சோதியாது விட்டால் வருவது யாது? 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்துத் துல்சா நகர் அதைக் காட்டியது. அங்கே வாய்ச் சத்திர சிகிச்சையாளர் ஒருவரின் நிலையத்திலே அதிகாரிகள் சோதனையிட்டனர். கலம் இருந்தது; ஆனால் மாதந்தோறும் செய்யவேண்டிய வித்திச் சோதனை ஆறு ஆண்டுகளாகச் செய்யப்படவில்லை எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. துருவேறிய கருவிகளும் காணப்பட்டன. அந்நிலையத்திலே சிகிச்சை பெற்ற ஏறக்குறைய 7,000 பேருக்குக் குருதிச் சோதனை செய்துகொள்ளுமாறு அறிவித்தல் சென்றது. தபாலிலே அத்தகைய கடிதமொன்று வந்தால் ஒரு குடும்பம் எவ்வாறு பதறும் என்பதை எண்ணிப் பாருங்கள். பின்னர், ஈரலழற்சி 'சி' வைரசு ஒரு நோயாளரிடமிருந்து இன்னொருவருக்கு அங்கே தொற்றியமை பரம்பரையலகுச் சோதனையால் உறுதியாயிற்று. பல் சிகிச்சையின்போது அவ்வைரசு நோயாளரிடமிருந்து நோயாளருக்குத் தொற்றியதாக அந்நாட்டிற் பதிவான முதல் நிகழ்ச்சி அதுவே.

இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. தொற்றுநோயுடையார் என அறியப்பட்டவர்களுக்கெனத் தனிக் கருவிகள் அந்நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தனவாம். கேட்பதற்கு முன்னெச்சரிக்கை போலத் தோன்றும் இது உண்மையிலே ஆபத்தான எண்ணம். தம் குருதியிலே வைரசு இருப்பதை அறியாதார் பலர். "இவர் நல்ல குடும்பத்தவர், இவருக்கு நோய் இராது" என்று முகம் பார்த்து முடிவுசெய்யும் வைத்தியம் விஞ்ஞானம் ஆகாது. இதனாலேயே, நோயாளர் ஒவ்வொருவரின் குருதியும் தொற்றுடையது எனக் கருதியே நடத்தல் வேண்டும் என்னும் பொதுநியமத்தை 1987ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்டது. நாட்டின் தலைவர் வந்தாலும் நாட்கூலி செய்பவர் வந்தாலும் ஒரே கழுவல், ஒரே கலம், ஒரே சோதனை. சமத்துவம் இங்கே அறமாக மட்டுமன்றி, அறிவாகவும் விளங்குகின்றது.

சுழலும் கருவியும் ஓடும் நீரும்

பல்லைத் துளைக்கும் கருவியையும் மறத்தலாகாது. 1957இல் அமெரிக்கரான போடன் அறிமுகஞ் செய்த காற்றுச் சுழலி, நிமிடத்துக்கு இலட்சக்கணக்கான முறை சுழல்வது. அதனாற் சிகிச்சையின் நேரமும் நோவும் குறைந்தன. ஆனால் சுழற்சி நிற்கும் கணத்தில், வாயிலுள்ள நீரிற் சிறிதளவு கருவியினுள்ளே பின்னோக்கி இழுக்கப்படலாம். எனவே வெளிப்புறத்தை மதுசாரத்தாற் துடைத்தல் போதாது. ஒவ்வொரு நோயாளருக்கும் பின்னர் அக்கைப்பிடியும் நீராவிக் கலத்தினுட் செல்லல் வேண்டும்.

அக்கருவிக்கு நீரைக் கொண்டுவரும் மெல்லிய குழாய்களையோ கலத்திலிட முடியாது. நீர் தங்கி நிற்கும் அக்குழாய்களின் உட்புறத்திலே, கிணற்றுப் படியிற் பாசி படர்வதுபோல், கிருமிப் படலம் படர்ந்துவிடும். 2011ஆம் ஆண்டிலே இத்தாலியில் 82 வயதுடைய மூதாட்டி ஒருவர் 'லெஜியனெல்லா' என்னும் கிருமியாலான நுரையீரல் நோயால் இறந்தார். அவர் சென்றிருந்த பல் வைத்தியசாலையின் நீர்க்குழாயிலே அதே கிருமி காணப்பட்டது. ஆகவே குழாய்களை மருந்திட்டுத் துப்புரவு செய்தலும், ஒவ்வொரு நோயாளருக்கும் பின் 20 முதல் 30 விநாடி நீரை ஓடவிடுதலும், எலும்பைத் தொடும் சத்திர சிகிச்சைக்குக் கிருமி நீக்கிய நீரையே பயன்படுத்தலும் நியமங்களாயின.

நாம் செய்யத்தக்கது

இவற்றைப் படித்து, "இனிப் பல் வைத்தியரிடமே போகேன்" என்று எவரும் முடிவுசெய்தலாகாது. மேலே கூறியவை அரிய நிகழ்ச்சிகள். சொத்தைப் பல்லோ வீடுதோறும் உள்ளது. கவனியாது விட்ட பல்லின் சீழ், தாடையையும் கழுத்தையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கலாம். அச்சம் வேண்டியதில்லை, விழிப்பே வேண்டும்.

வைத்தியர் இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெற்றவரா என்பதை முதலில் அறிக. கருவிப் பொதி உங்கள் கண்முன்னே பிரிக்கப்படுகின்றதா எனப் பார்க்க. கையுறை உங்களுக்கெனப் புதிதாக அணியப்பட்டதா, கையுறை அணிந்த கை தொலைபேசியையும் மேசை இழுப்பறையையும் தொட்டுவிட்டு வாய்க்குள் வருகின்றதா என்பதையும் கவனிக்க. விறைப்பூசியின் ஊசியும் அதிலுள்ள மருந்துக் குப்பியும் ஒருவருக்கு மட்டுமே உரியவை. குப்பியில் மருந்து எஞ்சியிருந்தாலும் மற்றொருவருக்கு ஆகாது. இறுதியாக, "ஐயா, உங்கள் கலத்துக்கு வித்திச் சோதனை எப்போது செய்தீர்கள்?" என்று பணிவோடு கேட்க. பெண் வைத்தியராயின் "அம்மா" என்று விளித்துக் கேட்க.

இதனால் வைத்தியர் சினங்கொள்வாரோ என அஞ்சவேண்டாம். தன் அடுக்களையைக் காட்டத் தயங்காத வீட்டிலே விருந்துண்ண யாருக்கும் தயக்கமிராது. முறையாகப் பணிசெய்பவர் சோதனைப் பதிவேட்டை மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார். வடித்த நீருக்கும் பொதியுறைக்கும் சோதனைக் குப்பிக்கும் அவர் செலவிடும் பணம், நோயாளரின் கண்ணிற் படாத செலவு. அதை மதித்துக் கேட்பவர் ஒருவர் வந்தால் அவருக்கும் அது ஊக்கமே.

இன்னொருவரையும் நினைத்தல் தகும். திரைக்கு அப்பாலே, பின்னறையிலே, குருதி தோய்ந்த கருவிகளைக் கழுவி, உலர்த்தி, பொதிந்து, கலத்திலிட்டு, நேரம் பார்த்து நிற்கும் உதவியாளர் ஒருவர் இருக்கின்றார். அவர் பெயரை நாம் அறியோம். அவர் முகத்தையும் பெரும்பாலும் காண்பதில்லை. நம் பிள்ளைகளின் நலம் அவருடைய பொறுமையிலே தங்கியிருக்கின்றது. நாம் கேட்கும் அந்த ஒரு கேள்வி அவருடைய காதுக்கும் எட்டும். "என் வேலையைக் கவனிப்பாரும் உளர்" என்று அவர் அறிந்துகொண்டால், வேலை மிகுந்த நாளிலும் ஒரு நிமிடத்தைக் குறைக்கமாட்டார்.